சட்டைக்குள் ஒரு பட்டை

சென்ற மாதம் துணி அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டிலிருந்து ஒரு சிவப்பு ஜெர்சி வெளியே வந்தது. அமெரிக்க, கனடிய அணிகள் மோதும் என்.எச்.எல். லீக்கில் ஆடும் மினசோட்டா வைல்ட் ஐஸ் ஹாக்கி அணியின் சட்டை. முதுகில் 24 என்று எண், அதற்கு மேலே போகார்ட் என்று பெயர். பன்னிரண்டு வயதாகும் என் மகன் அதைத் தோளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் அந்தப் பெயரைத் தேடினான்.

"277 ஆட்டம். மூன்றே மூன்று கோல். அப்பா, இவருடைய சட்டையையா காசு கொடுத்து வாங்கினீர்கள்?"

வாங்கினேன். அந்தக் காலத்தில் எனக்கு அது கொஞ்சம் கனமான காசும்கூட. 2009ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் செயின்ட் பால் நகரத்து எக்செல் எனர்ஜி சென்டர் அரங்குக்குள் எந்தப் பக்கம் திரும்பினாலும் 24 போட்ட ஒரு முதுகாவது கண்ணில் படும். டெரெக் போகார்ட் ஆறடி ஏழு அங்குலம். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. எதிரணியிலும் அவரைப் போலவே மலைமாதிரி ஒருவர் இருப்பார். அவருடன் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் முஷ்டியால் அடித்துக்கொள்வதுதான் வேலை. ரசிகர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயரைத் தமிழில் சொன்னால் பூச்சாண்டி. இப்படிப்பட்ட ஆட்களுக்கு இன்றைய ஆட்டத்தில் இன்னும் மதிப்பு இருக்கிறதா என்று என் அலுவலகத்தில் ஒவ்வொரு அக்டோபரிலும் சண்டை வரும். பதினாறு ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானும் கட்சி மாறியிருக்கிறேன்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு இல்லை என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை. ஆனால் எங்கள் ஹாக்கியில் மட்டை ஒருவன் கணுக்காலில் பட்டாலே விசில். பச்சை அட்டை, மஞ்சள் அட்டை, கை ஓங்கினால் சிவப்பு அட்டை, அதோடு ஆட்டம் முடிந்தது. அந்தப் பழக்கத்தோடு மினியாபொலிஸ் வந்து சேர்ந்த எனக்கு, இங்கே பிறந்து வளர்ந்த அலுவலக நண்பர் ஒருவர் தன் கூடுதல் டிக்கெட்டில் ஓர் ஆட்டம் காட்டினார். இரண்டாவது பகுதியில் பக் எனப்படும் ரப்பர் வட்டைப் பனியில் போடுவதற்காக வீரர்கள் வட்டத்தைச் சுற்றி நின்றார்கள். ஓரத்தில் இரண்டு பெரிய ஆட்கள் பக்கம் பக்கமாக நின்று ஏதோ பேசிக்கொண்டார்கள். ஊரில் மழை உண்டா என்று விசாரிப்பவர்கள் போல அத்தனை சாதாரண முகம். நண்பர் என் விலாவில் இடித்தார்.

பக் விழுந்தது, நான்கு கையுறைகளும் விழுந்தன. மட்டைகளும் போயின. இரண்டு பேரும் ஒருவரையொருவர் சுற்றினார்கள். பிறகு இடது கையால் ஒருவர் மற்றவரின் சட்டையைத் தோளருகே கொத்தாகப் பிடித்தார். ஸ்கேட் கத்தியின் மேல் நிற்கிறவனுக்குக் கீழே பிடிமானம் கிடையாது. எதிரியின் சட்டைதான் பிடிமானம். எதிரியைப் பிடித்துக்கொண்டால்தான் அவனை அடிக்கவே முடியும். வலது முஷ்டி போய் ஹெல்மெட்டில் மோதிய சத்தம் பனிரண்டாவது வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது. துணை நடுவர்களான லைன்ஸ்மேன்கள் இருவரும் நான்கடி தள்ளிக் காத்து நின்றார்கள், பாத்திரம் கழுவி முடியட்டும் என்று நிற்பவர்களைப் போல. இரண்டு பெஞ்சுகளிலும் வீரர்கள் எழுந்து மட்டையால் பலகைச் சுவரைத் தட்டினார்கள். ஒருவர் சாய்ந்ததும் லைன்ஸ்மேன்கள் பாய்ந்து விலக்கினார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் களத்துக்கு வெளியே பெனால்டி பாக்ஸில் உட்கார வேண்டும். இரு பக்கமும் சமமாகக் கழிந்துவிடுவதால் எந்த அணிக்கும் ஆள் குறையவில்லை. பனியில் விழுந்த ரத்தத்தை ஒருவர் வந்து சுரண்டி எடுத்தார். ஆட்டம் தொடர்ந்தது.

நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த வாரம் சட்டை வாங்கினேன்.

வீட்டில் இந்த வேலையை நான் "அடியாள்" என்றே மொழிபெயர்த்தேன். என் மனைவிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "அடியாள் என்றால் யாரோ ஏவி அடிப்பவன். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இவர் எல்லைக் காவல் சாமி மாதிரி அல்லவா இருக்கிறார்?" என்றாள். ஐஸ் ஹாக்கிக்காரர்கள் சொல்லும் வாதமும் சரியாக இதுதான். ஐயனார் அரிவாளோடு ஊர் எல்லையில் உட்கார்ந்திருக்கிறார். அரிவாள் வீச வேண்டியதில்லை, இருப்பதே போதும். உங்கள் நட்சத்திர வீரரை எவனும் முழங்கையால் இடிக்க மாட்டான், ஏனென்றால் பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் இதில் உண்மை இருந்தது என்றே நினைக்கிறேன். எட்மன்டன் அணியில் வேய்ன் கிரெட்ஸ்கி ஒரே பருவத்தில் 92 கோல் போட்ட 1981-82இல் அவருக்குப் பக்கத்தில் டேவ் செமென்கோ இருந்தார். பிறகு மார்ட்டி மெக்சோர்லி வந்தார். 1988 ஆகஸ்டில் கிரெட்ஸ்கியை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு விற்றபோது மெக்சோர்லியையும் கூடவே அனுப்ப வேண்டும் என்று கிரெட்ஸ்கியே கேட்டு வாங்கிப் போனார். உலகத்தின் தலைசிறந்த வீரர் வீடு மாறும்போது எடுத்துக்கொண்டு போன சாமான்களில் ஒன்று ஓர் அடியாள்! அதற்குக் கொஞ்சம் முன்னால் பிலடெல்பியா அணி இதையே ஒரு தொழிற்சாலையாக நடத்தியது. டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 பருவத்தில் மட்டும் 472 நிமிடம் பெனால்டி வாங்கினார். கிட்டத்தட்ட எட்டு முழு ஆட்டத்துக்கான நேரம். அந்த அணி 1974, 1975 இரண்டு ஆண்டும் லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது. அதைப் பார்த்த எந்த முதலாளி அடியாள் வேண்டாம் என்பார்?

ஆனால் அன்று களத்தில் இருந்தது ஒரே ஒரு நடுவர். இரண்டாவது நடுவர் எல்லா ஆட்டங்களுக்கும் வந்தது 2000க்குப் பிறகுதான். அந்த ஒருவரின் முதுகுப் பக்கம் நடக்கும் அநியாயத்துக்கு இன்றைய அளவுக்கு வீடியோவும் இல்லை, விசாரணையும் இல்லை. போலீஸ் ஸ்டேஷன் வராத ஊரில் காவல் சாமிக்கு மவுசு இருப்பது இயல்புதான்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை உண்டு. எனக்கு அது தெரியவே சில ஆண்டுகள் பிடித்தன. கள வழக்கப்படி அடியாள் அடியாளோடுதான் மோதுவார். ஐந்தடி பத்தங்குலக்காரன் உங்கள் நட்சத்திரத்தை மட்டையால் குத்திவிட்டு ஓடினால், உங்கள் பூச்சாண்டி போய் அவனை அடிப்பதில்லை, அடித்தால் அசிங்கம். அவன் அணியின் பூச்சாண்டியோடு மோதுவார். குத்தியவன் பெஞ்சில் சாய்ந்து தண்ணீர் குடித்தபடி வேடிக்கை பார்ப்பான். 2012 ஜனவரியில் டொராண்டோ அணியின் பொது மேலாளர் பிரையன் பர்க் தன் அடியாள் கோல்டன் ஓரைக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பியபோது, இனி ஆட்டத்தை எலிகள் பிடித்துக்கொள்ளும் என்று வருந்தினார். நாகரிகமான கவலைதான். ஆனால் பூனைகள் இருந்த காலத்திலும் எலிகள் கொழுத்துத்தான் திரிந்தன. பூனைகள் பூனைகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

அரிவாள் இருந்தும் ஊர் காக்கப்படாத கதை ஒன்று எல்லோருக்கும் தெரியும். 2004 பிப்ரவரியில் கொலராடோவின் ஸ்டீவ் மூர், வான்கூவர் கேப்டன் மார்க்கஸ் நாஸ்லுண்டை மோதிச் சாய்த்தார். நடுவர் தண்டனை தரவில்லை. மார்ச் 8 அன்று வான்கூவரில் ஆட்டம். முதல் பகுதியிலேயே மூர் ஒரு சண்டைக்கு உடன்பட்டுப் போட்டார். வழக்கப்படி கணக்கு அதோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. வான்கூவர் படுதோல்வியை நோக்கிப் போய்க்கொண்டிருந்த மூன்றாவது பகுதியில் டாட் பெர்டுஸி மூரின் பின்னாலேயே போய்ச் சட்டையைப் பிடித்திழுத்து, பின்பக்கமிருந்து தலையில் குத்தினார். மூர் முகம் குப்புற விழ, மேலே பெர்டுஸியும் மற்றவர்களும் விழுந்தார்கள். கழுத்தெலும்புகள் முறிந்தன. அப்போது மூருக்கு 25 வயது. அதன் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பெர்டுஸி அடியாள் அல்லர், முந்தைய பருவத்தில் 46 கோல் போட்டவர். பழிவாங்குவது ஒரு கடமை என்று சொல்லிக்கொடுக்கும் ஆட்டத்தில் அந்தக் கடமை யார் கைக்கு எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் அலுவலக நண்பர் இதற்குப் பதிலாக நீட்டுவது 2021ஆம் ஆண்டுக் கதையை. மே 3 அன்று வாஷிங்டனின் டாம் வில்சன், நியூயார்க் ரேஞ்சர்ஸின் ஆர்டெமி பனாரினைத் தூக்கிப் பனியில் அடித்தார். அதே மோதலில் இன்னொரு ரேஞ்சர்ஸ் வீரரான பாவெல் புச்னெவிச்சைக் குத்தியதற்கு மட்டும் லீக் விதித்த அபராதம் 5,000 டாலர். பனாரினுக்காக ஒன்றுமில்லை. லட்சக்கணக்கான டாலர் சம்பளம் வாங்குகிறவருக்கு அது டீக்காசு. கொதித்துப்போன ரேஞ்சர்ஸ் நிர்வாகம் லீக்கின் வீரர் பாதுகாப்புத் துறைத் தலைவரே அந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று அறிக்கை விட, அதற்கு 2,50,000 டாலர் அபராதம் விழுந்தது. அடித்ததற்கு ஐந்தாயிரம், கேட்டதற்கு இரண்டரை லட்சம். இரண்டு நாள் கழித்து அதே இரண்டு அணிகளும் மோதியபோது முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆறு சண்டை. அந்தக் கோடையில் ரேஞ்சர்ஸ் அணி ரையன் ரீவ்ஸ் என்ற அடியாளை வாங்கியது. "போலீஸ் வந்துவிட்டது என்றாயே, போலீஸின் லட்சணத்தைப் பார்த்தாயா?" என்பார் நண்பர். நியாயமான கேள்வி. இதில் இன்னொரு வேடிக்கை, அந்தத் துறைத் தலைவர் ஜார்ஜ் பேரோஸ் தாமே பழைய அடியாள். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 2013 அக்டோபர் முதல் தேதி மான்ட்ரியலில் கோல்டன் ஓருடன் சண்டையிடும்போது இழுபட்டு முகம் பனியில் மோத, ஸ்ட்ரெச்சரில் போனவர்.

ஆட்டம் மாறிய கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், இதில் ருசி குறைவு. 1992இல் சண்டையைத் தொடங்கியவருக்குக் கூடுதல் தண்டனை வந்தது. 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராறில் மூடிக் கிடந்து மறுபடி திறந்தபோது சம்பள உச்சவரம்பும் வேகத்துக்கு வழிவிடும் விதிகளும் சேர்ந்தே வந்தன. ஓர் ஆட்டத்துக்குக் கோல்கீப்பர்கள் போகப் பதினெட்டுப் பேர்தான். அதில் ஐந்து நிமிடம் மட்டுமே களத்தில் நிற்கத் தெரிந்த ஒருவருக்கு இடம் கொடுத்தால் மற்ற பதினேழு பேருக்கு மூச்சு வாங்கும். 2008-09 பருவத்தில் எழுநூறைத் தாண்டிய சண்டைகள் பத்தே ஆண்டில் முந்நூறுக்கும் கீழே இறங்கின. அறிக்கை விட்டு யாரும் அடியாளை ஒழிக்கவில்லை. கணக்குப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

கணக்கில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். போன குளிர்காலத்தில் என் மகனின் அணிக்கு ஓர் ஆட்டம். அந்த வயதில் உடம்பால் மோதுவதே விதிமீறல். ஆனாலும் எதிரணிப் பையன் ஒருவன் நடுவர் பார்க்காதபோதெல்லாம் இவன் காலை மட்டையால் கொத்திக்கொண்டிருந்தான். இவன் பக்கைத் தொடவே பயந்து விலகி விலகி ஓடுவது கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கே தெரிந்தது. இடைவேளையில் இவர்கள் அணியின் உயரமான பையன் ஒருவன் இவன் தோளில் தட்டி ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு அந்த உயரமான பையன் ஒன்றும் செய்யவில்லை. கொத்துகிறவன் பக்கத்தில் போய் நின்றான், அவ்வளவே. என் மகன் வேறு ஆளாக ஆடினான். நிமிர்ந்து ஓடினான், பக்கை வைத்துக்கொண்டு திரும்பினான், ஒரு கோலுக்குப் பாஸ் கொடுத்தான். அடியாளுக்கு மதிப்பே இல்லை என்று எழுத உட்காரும்போதெல்லாம் இந்த ஒரு மணி நேரம் வந்து கையைப் பிடிக்கிறது. அந்த நிமிர்வு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் ஏறாது. கிரெட்ஸ்கி கேட்டு வாங்கிக்கொண்டு போனதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குள் போனேன். அந்த உயரமான பையன் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேட் கயிற்றை அவிழ்க்க முயன்றுகொண்டிருந்தான். முடிச்சில் விரல் நிற்கவில்லை. நான்தான் குனிந்து அவிழ்த்துவிட்டேன். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் மகனைப் பற்றி நினைக்கவில்லை.

போகார்டும் ஒரு காலத்தில் வகுப்பிலேயே உயரமான பையன்தான். கனடாவின் சஸ்காட்சவன் மாநிலத்தில் போலீஸ்காரர் ஒருவரின் மகன். ஸ்கேட் வேகம் கிடையாது, பக் கட்டுப்பாடு கிடையாது, உயரம் இருந்தது. பதின்பருவத்தில் ஒரு சண்டையில் பெரியவர்கள் கண்ணில் பட்டார், அதோடு பாதை முடிவாகிவிட்டது. 2006 அக்டோபரில் அவர் விட்ட ஒரு குத்தில் டாட் பெடோருக்கின் கன்ன எலும்பு நொறுங்கி, உலோகத் தகடு வைத்துக் கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அந்த பெடோருக் மினசோட்டாவுக்கு மாறி இவருடைய சக வீரரானார். இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தபோது நான் சிரித்தேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஓய்வு பெற்ற அடியாட்கள் பலர் பின்னாளில் பேசியது ஒரே விஷயத்தைத்தான். முஷ்டியைவிட அட்டவணை கொடுமை. வரும் செவ்வாய்க்கிழமை எந்த ஊர், அந்த ஊரில் யார் காத்திருக்கிறான் என்பது முன்கூட்டியே தெரியும். முந்தின இரவு தூக்கம் வராது. மற்ற பதினேழு பேரும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவதற்கு இவர் விழித்திருக்க வேண்டும். அணி கூலி கொடுத்தது முஷ்டிக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பயப்படுவதற்கு ஆள் வைத்திருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அடிபட்ட கை, அடிபட்ட முதுகு, அதற்கு மாத்திரை, பிறகு மாத்திரைக்கே மாத்திரை.

2010 கோடையில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அவரை நான்கு ஆண்டுக்கு 65 லட்சம் டாலர் கொடுத்து எடுத்தது. 22 ஆட்டம்தான் ஆடினார். டிசம்பர் 9 அன்று ஒட்டாவாவில் நடந்த சண்டையில் தலையில் அடிபட்டது. அதுவே கடைசி ஆட்டம். 2011 மே 13 அன்று இதே மினியாபொலிஸில், என் அலுவலகத்திலிருந்து அதிகத் தூரமில்லாத ஓர் அடுக்குமாடி வீட்டில் இறந்து கிடந்தார். மதுவும் வலிமாத்திரையும் சேர்ந்த விபத்து. வயது 28. பாஸ்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் மூளையைப் பரிசோதித்தார்கள். தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் சி.டி.இ. நோய் அந்த வயதுக்கு மீறி முற்றியிருந்தது. அதே ஆகஸ்டில் ரிக் ரைப்பியன் போனார், 27 வயது. மாதக் கடைசியில் வேட் பிலாக், 35. மூன்று பேருமே இந்த வேலை பார்த்தவர்கள், ஒரே கோடை.

2018இல் முன்னூறுக்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கை லீக் 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டது, தவறை ஒப்புக்கொள்ளாமலே. மறு ஆண்டு கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் ஆணையர் கேரி பெட்மேன் உட்கார்ந்து, ஹாக்கிக்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பு உறுதியாகவில்லை என்ற தொனியிலேயே பேசினார். நான் அலுவலகச் சாப்பாட்டு மேசையில் கட்சி மாறியது அந்த வாரம்தான்.

இன்னமும் ஆட்கள் இருக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் திறந்தவெளி மைதானத்தில் ரேஞ்சர்ஸ் அணிக்காக முதல் ஆட்டம் ஆட வந்த மேட் ரெம்பி, ஆட்டம் தொடங்கிய கணமே சண்டையில் இறங்கினார். ஏப்ரலில் நியூ ஜெர்சிக்கு எதிராக முதல் விசிலிலேயே பத்துப் பேரும் கட்டிப் புரள, எட்டுப் பேரை வெளியேற்றினார்கள். கூட்டம் கொண்டாடியது. ஆனால் எனக்கு மறக்காதது 2025 பிப்ரவரி 15, மான்ட்ரியல். நான்கு நாடுகள் போட்டியில் அமெரிக்காவும் கனடாவும். முதல் ஒன்பது வினாடியில் மூன்று சண்டை. மேத்யூ கச்சக், அவர் தம்பி பிரேடி, ஜே.டி. மில்லர் மூன்று பேரும் முன்கூட்டியே குறுஞ்செய்தியில் பேசி வைத்துக்கொண்டு இறங்கியிருந்தார்கள். எதிரே பிராண்டன் ஹேகல், சாம் பென்னட், கோல்டன் பராய்கோ. ஆறு பேரில் ஒருவர்கூட அடியாள் அல்லர். ஹேகல் அந்தப் பருவத்தில் 35 கோல். பென்னட் அந்த ஜூனில் புளோரிடாவுக்காகக் கோப்பை வென்று பிளேஆஃப் சுற்றின் மிகச் சிறந்த வீரர் விருதையும் வாங்கினார். 2021இல் பனாரினைப் போட்டு அடித்த டாம் வில்சனும் அதே பருவத்தில் 33 கோல்.

சண்டை நல்லதென்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கும் இருப்பது ஒரே மூளைதான். ஆனால் அவரவர் சண்டையை அவரவரே போட்டுக்கொண்டார்கள். வேறொருவனை அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமைக்காக எவனும் தனியாக விழித்திருக்கவில்லை. அணிக்கு முரட்டுத்தனம் வேண்டுமென்றால் இப்படிப் பங்குபோட்டுக்கொள்ளட்டும், மூன்று கோல்காரர் ஒருவர் தலையில் மொத்தத்தையும் கட்ட வேண்டாம் என்பதுதான் இப்போது என் கட்சி. நண்பர் இதை ஏற்கவில்லை. ரெம்பி படம் போட்ட தேநீர்க் குவளை ஒன்றை வாங்கி என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த மூன்றாவது சண்டைக்கு நான் வரவேற்பறையில் எழுந்து நின்றேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

மகன் ஜெர்சியை உள்வெளியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரர்கள் போடும் அசல் தையல் என்று சொல்லித்தான் கடையில் விற்றார்கள். முதுகுப் பக்கம் அடியில், உள்ளே, தடித்த துணியில் ஒரு பட்டை தொங்கியது. நுனியில் அழுத்துப் பொத்தான்.

"இது எதற்கு அப்பா?"

"காற்சட்டையில் மாட்டிக்கொள்வதற்கு. சண்டையில் எதிரி சட்டையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுவிட்டால் கண் தெரியாது, கையும் சிக்கிக்கொள்ளும். அதனால் கட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி. கட்டாமல் சண்டைக்குப் போய்ச் சட்டை கழன்றால் வெளியேற்றிவிடுவார்கள்."

"சண்டை போடக் கூடாது என்றும் விதி இருக்கிறது, போடும்போது இதைக் கட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறதா?"

"ஆமாம்."

அவன் பொத்தானை அழுத்தினான், பிரித்தான், மறுபடி அழுத்தினான். பதினாறு ஆண்டாகப் பூட்டாத பொத்தான். முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.